மாளிகையைப் பார்க்கப் போகிறவர்கள் கேட்க வேண்டிய கணக்கு

சீமைக்குப் போய் வருவது இன்று அபூர்வமான காரியம் அல்ல. மகனோ மகளோ அங்கே வேலையில் இருக்கிறார்கள். பேரப்பிள்ளையைப் பார்க்க ஆறு மாத விசாவில் பெற்றோர் போகிறார்கள். முப்பது வருஷம் ஆபீசில் கோப்பு தள்ளியவரும், ஆலையில் ஷிப்டு பார்த்தவரும் விமானம் ஏறுகிற காலம் இது. விடுமுறை நாள் வந்தால் பிள்ளைகள் அவர்களை ஊர் சுற்றிக் காட்டுகிறார்கள். லண்டனில் பார்க்க வேண்டியவை முடிந்ததும், அடுத்து வருவது கிராமப்புறத்தில் இருக்கும் ஏதாவது ஒரு பிரபுவின் மாளிகை.

உள்ளே நுழைந்தவர் வாய் பிளந்து நிற்கிறார். பளிங்குத் தூண், தங்க முலாம் பூசிய நாற்காலி, சுவர் முழுக்க ஓவியம், ஜன்னலுக்கு வெளியே கண்ணுக்கு எட்டிய மட்டும் புல்வெளி. ஊர் திரும்பியதும், “என்ன சுத்தம், என்ன பராமரிப்பு! நம் ஊரில் இப்படி வைத்திருக்கிறார்களா?” என்று அலுத்துக் கொள்கிறார். இன்னொரு ரகத்தினர் உண்டு. அவர்கள் வாசலில் கால் வைக்கும்போதே, “எல்லாம் நம்மிடம் அடித்த கொள்ளை” என்று தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள். அதற்கு மேல் எதையும் பார்க்க மாட்டார்கள்.

இரண்டு பேரும் பாதிக் கணக்கைத்தான் படித்திருக்கிறார்கள். இந்த மாளிகைகள் ஒவ்வொன்றும் ஒரு பேரேடு. அதில் பற்றும் உண்டு, வரவும் உண்டு. செலவுப் பக்கம் பளபளவென்று கண் எதிரே நிற்கிறது. பணம் எங்கிருந்து வந்தது, யாருடைய உழைப்பு இது, யார் இடம் பெயர்ந்தார்கள் என்கிற பக்கத்தைத்தான் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது. டிக்கெட் வாங்கிய ஒவ்வொருவருக்கும் அதைக் கேட்க உரிமை உண்டு.

டெர்பிக்குப் பக்கத்தில்

இதற்கு ஓர் உதாரணம் கெடில்ஸ்டன் மாளிகை. லண்டன் செயின்ட் பாங்கிராஸ் நிலையத்திலிருந்து ஒன்றரை மணி நேர ரயில் பயணத்தில் டெர்பி வரும். ரயில்வேக்காரர்கள் அறிந்திருக்க வேண்டிய ஊர் அது. அக்காலத்து மிட்லண்ட் ரயில்வே கம்பெனிக்குத் தலைமையகம் அங்கேதான் இருந்தது. அந்தக் கம்பெனி 1868 இல் திறந்த நிலையம்தான் செயின்ட் பாங்கிராஸ். டெர்பியிலிருந்து சுமார் 8 கிலோமீட்டர் போனால் கர்சன் குடும்பத்தின் மாளிகை வந்துவிடும்.

ஆம், வங்காளத்தை 1905 இல் இரண்டாகப் பிளந்த அதே கர்சன் பிரபுவின் வீடுதான். அவர் 1859 இல் பிறந்தது இந்த மாளிகையில். 1925 இல் இறந்த பிறகு அடக்கமானதும் அதை ஒட்டிய மாதா கோயிலில்தான். 1899 முதல் 1905 வரை இந்தியாவின் வைஸ்ராயாக இருந்தவர். இன்றைக்கும் ரயில்வே ஊழியரின் தலையெழுத்தைத் தீர்மானிக்கிற ரயில்வே போர்டு 1905 இல் அமைந்ததும் இவர் காலத்தில்தான்.

இந்த மாளிகையை 1759 இல் கட்டத் தொடங்கியவர் அவருடைய முன்னோரான நத்தானியல் கர்சன். ராபர்ட் ஆடம் என்ற பெயர்பெற்ற கட்டடக் கலைஞர் அதற்கு முழு வடிவம் கொடுத்தார். நடுக்கூடத்தில் 20 தூண்கள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 25 அடி உயரம். அதற்குப் பின்னால் ரோமாபுரிக் கோயிலைப் பார்த்துச் செய்த வட்டக் கூடம், மேலே குவிமாடம். கூடத்திலிருந்து வளைந்து போகிற தாழ்வாரங்களின் முனையில் இரண்டு சிறகுக் கட்டடங்கள். ஒன்றில் குடும்பம் குடியிருந்தது, மற்றதில் சமையற்கட்டு. நடுவில் நிற்கிற பிரம்மாண்டம் குடியிருக்க அல்ல, வருகிறவர்களுக்குக் காட்டுவதற்கு!

காட்டுவதற்கு என்பது மிகைப்பேச்சு இல்லை. கட்டி முடித்த காலத்திலிருந்தே வெளியார் வந்து பார்த்திருக்கிறார்கள். பார்க்க வருகிறவர்கள் தங்குவதற்குப் பக்கத்தில் சத்திரமும் கட்டினார்கள். உள்ளே இருக்கும் ஓவியங்களுக்கும் சிலைகளுக்கும் அச்சிட்ட பட்டியல் இருந்தது. வீட்டு நிர்வாகியாக நெடுங்காலம் வேலை பார்த்த திருமதி கார்னெட் என்ற அம்மையார், வந்தவர்களை அறை அறையாக அழைத்துப் போய் விளக்கினார். கையில் அந்தப் பட்டியலுடன் அவர் நிற்கும் ஓவியம் அந்த வீட்டிலேயே இருக்கிறது. எஜமானர்களின் படங்களுக்கு நடுவே, சம்பளத்துக்கு வேலை செய்த ஒருவருக்குக் கிடைத்த அபூர்வ மரியாதை அது.

ஆங்கில அகராதி செய்த டாக்டர் ஜான்சன் 1777 இல் இந்த மாளிகையைப் பார்க்க வந்தார். அவர் மயங்கவில்லை. இந்தக் கட்டடம் நகர மன்றத்துக்கு நன்றாகப் பொருந்தும் என்று கேலி செய்துவிட்டுப் போனார். பிரபு வீட்டைப் பார்த்து வாய் பிளக்காத பார்வையாளர் அந்தக் காலத்திலேயே இருந்திருக்கிறார் என்பது கவனிக்கத்தக்கது.

கல்கத்தாவில் ஒரு நகல்

கெடில்ஸ்டனைப் பார்க்கச் சீமைக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. ஹௌராவில் இறங்கி ஆற்றைக் கடந்தால் போதும். கல்கத்தாவில் (இன்றைய கொல்கத்தா) இருக்கும் ஆளுநர் மாளிகை இதன் சாயலில் எழுந்ததே. வெல்லெஸ்லி பிரபு கவர்னர் ஜெனரலாக இருந்தபோது, 1799 இல் தொடங்கி 1803 இல் முடித்தார்கள். திட்டம் போட்டவர் வங்காள எஞ்சினியர் படையைச் சேர்ந்த கேப்டன் சார்லஸ் வையட். அவருடைய உறவினரான சாமுவேல் வையட் கெடில்ஸ்டனில் கட்டட வேலையை மேற்பார்த்தவர். ஆகையால் வரைபடம் கடல் தாண்டி வந்ததில் வியப்பில்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கெடில்ஸ்டனுக்கு நான்கு சிறகுகள் என்று திட்டமிட்டு இரண்டைத்தான் கட்டினார்கள். கல்கத்தாவில் நான்கையும் கட்டி முடித்தார்கள். பிரபு தன் சொந்த ஊரில் தன் சொந்தப் பணத்தில் செய்ய முடியாததை, கம்பெனி இங்கே செய்துகொண்டது. செலவைப் பார்த்து லண்டனிலிருந்த கம்பெனி டைரக்டர்களே முகம் சுளித்தார்கள். ஆனால் அந்தப் பணத்தைக் கொடுத்த வங்காளத்து விவசாயியிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை.

அதே ஆண்டுகளில் சென்னையிலும் இப்படி ஒன்று நடந்தது. 1799 இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தான் வீழ்ந்த வெற்றியைக் கொண்டாட, கவர்னராக இருந்த எட்வர்ட் கிளைவ் ஒரு விருந்து மண்டபம் கட்டினார். அது பின்னாளில் ராஜாஜி மண்டபம் ஆயிற்று. திப்புவின் சிம்மாசனத்திலிருந்து பெயர்த்த புலித்தலை ஒன்று கிளைவ் குடும்பத்தோடு கப்பலேறி, வேல்ஸ் நாட்டில் உள்ள போவிஸ் கோட்டைக்குப் போய்ச் சேர்ந்தது. இன்றும் அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. பார்வையாளர்கள் அதன் முன் நின்று படம் எடுத்துக் கொள்கிறார்கள்.

குமாஸ்தாவின் மாளிகை

கணக்கைச் சரியாகப் போட வேண்டும் என்றால், இல்லாத பழியைச் சுமத்தவும் கூடாது. கெடில்ஸ்டன் மாளிகை இந்தியப் பணத்தில் கட்டியது என்று சொல்வது தவறு. அதைக் கட்டியபோது அந்தக் குடும்பத்தின் பலம் டெர்பிஷயரில் தலைமுறை தலைமுறையாக வைத்திருந்த நிலம்தான். வைஸ்ராய் கர்சன் இந்தியாவுக்கு வந்தது நூற்று நாற்பது ஆண்டு கழித்து. எல்லா மாளிகைக்கும் ஒரே தீர்ப்பு எழுதுகிறவர் கோப்பைத் திறக்காமலே கையெழுத்துப் போடுகிறவர்.

ஆனால் சில மாளிகைகளுக்கு அந்தத் தீர்ப்பு அப்படியே பொருந்தும். லண்டனுக்குத் தென்மேற்கே சர்ரே மாவட்டத்தில் கிளேர்மாண்ட் என்று ஒன்று இருக்கிறது. அதை வாங்கி, பழைய வீட்டை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டியவர் ராபர்ட் கிளைவ். இவர் யார்? 1744 இல் சென்னை ஜார்ஜ் கோட்டைக்குக் கம்பெனியின் குமாஸ்தாவாக வந்து இறங்கிய இளைஞர். கடிதம் நகல் எடுப்பதும் சரக்குக்குக் கணக்கு எழுதுவதும் வேலை. வருஷத்துக்கு 5 பவுன் சம்பளம். ஆர்க்காடு, பிளாசி என்று போர்கள் முடிந்தபோது அவர் இங்கிலாந்தின் பெரும் பணக்காரர்களில் ஒருவர். இப்படித் திரும்பியவர்களை அவர்கள் ஊர் மக்களே ‘நபாப்’ என்று பரிகசித்தார்கள். நம் ‘நவாப்’ என்ற சொல்தான் அது.

நாற்பது ஆண்டு உழைத்த குமாஸ்தா ஓய்வுபெறும்போது வாங்கும் தொகையில் ஒரு சிறிய வீட்டைக் கட்டி முடிப்பதற்குள் மூச்சு முட்டிப் போகிறது. 5 பவுன் குமாஸ்தா மாளிகை கட்டினார் என்றால், வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்பதை எந்த ஆடிட்டரும் கேட்பார். கிளைவ் அந்த வீட்டை அனுபவிக்கக் கொடுத்துவைக்கவில்லை. 1774 இல் இறந்து போனார். இன்று அங்கே பள்ளிக்கூடம் நடக்கிறது.

காணாமற்போன கிராமம்

மறுபடி கெடில்ஸ்டனுக்கு வருவோம். மாளிகையின் முன்னால் ஏரி, பாலம், மேயும் ஆடுகள், பரந்த புல்வெளி. ஆதிகாலம் முதல் அப்படியே இருந்தது போலத் தோன்றும். உண்மையில் அங்கே ஒரு கிராமம் இருந்தது. புது மாளிகைக்கும் தோட்டத்துக்கும் பார்வையை மறைக்கிறது என்று நத்தானியல் கர்சன் கிராமத்தையே அப்புறப்படுத்தினார். சாலையையும் தள்ளிப் போட்டார். மிஞ்சியது பழைய மாதா கோயில் மட்டும். மாளிகையின் ஓரமாக அது தனியாக நிற்பதற்குக் காரணம் இதுதான்.

வீடு இழந்த அந்தக் குடியானவர்கள் வெள்ளைக்காரர்கள்தான். துரைக்கும் அவர்களுக்கும் ஒரே மொழி, ஒரே மதம், ஒரே ஊர். ஆனாலும் ஜன்னல் வழியே தெரிய வேண்டிய காட்சிக்காக அவர்கள் மூட்டை கட்ட வேண்டியதாயிற்று. இடம் பெயர்வது என்றால் என்ன என்று பம்பாய்ச் சேரியில் இருந்தவனுக்கும், பெங்களூர் கட்டட வேலைக்குப் போனவனுக்கும் யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அந்தப் புல்வெளியைப் பார்க்கும்போது அவனுக்கு மற்றவர்களுக்குத் தெரியாத ஒன்று தெரியும்.

தலைநகரம் கல்கத்தாவிலிருந்து டில்லிக்குப் போகிறது என்று 1911 இல் அறிவித்தபோது கர்சன் கடுமையாக எதிர்த்தார். அவர் எதிர்ப்பு எடுபடவில்லை. புது டில்லியின் மாளிகை எழுவதற்கு ராய்சினா, மால்சா கிராமத்துக் குடும்பங்கள் நிலத்தை விட்டுப் போக நேர்ந்தது. டெர்பிஷயரில் நடந்ததே டில்லியிலும் நடந்தது. மேட்டில் மாளிகை எழுந்தால் பள்ளத்தில் யாரோ ஒருவர் அடுப்பைத் தூக்கிக்கொண்டு நடக்கிறார்.

மயில் உடுப்பு

கெடில்ஸ்டனின் கீழ்த்தளத்தில் கிழக்கத்திய அரும்பொருள் கூடம் ஒன்று இருக்கிறது. கர்சன் ஆசிய நாடுகளில் சுற்றியபோதும் வைஸ்ராயாக இருந்தபோதும் சேர்த்தவை, பரிசாக வந்தவை எல்லாம் அங்கே. அவற்றில் அதிகம் பேர் தேடிப் போய்ப் பார்ப்பது மயில் உடுப்பு. 1903 டில்லி தர்பாரின்போது, செங்கோட்டையில் நடந்த நடன விருந்தில் கர்சனின் மனைவி மேரி அணிந்தது. பாரிஸ் நகரத்து வொர்த் கம்பெனி தைத்தது என்று பெருமையாகச் சொல்வார்கள். ஆனால் துணி முழுவதும் மயில் தோகை போல ஜரிகை வேலை செய்தவர்கள் இந்தியக் கைவினைஞர்கள். தோகையின் ஒவ்வொரு கண்ணிலும் பச்சையாக மின்னும் வண்டின் சிறகைப் பதித்தார்கள். முடிந்த வேலை கப்பலில் பாரிசுக்குப் போய் உடுப்பாகத் திரும்பி வந்தது.

வொர்த் பெயர் தெரிகிறது; மேரி பெயர் தெரிகிறது. ஊசி பிடித்துக் கண் பூத்துப்போன அந்த மனிதர்களின் பெயர்களை யாரும் எழுதி வைக்கவில்லை. அந்தத் தர்பார் நடந்தது, 1899-1900 பெரும் பஞ்சம் முடிந்து இரண்டு மூன்று ஆண்டுக்குள் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். பஞ்சத்துக்குப் பின் இத்தனை ஆடம்பரமா என்று அப்போதே இந்தியப் பத்திரிகைகளும் காங்கிரஸ்காரர்களும் கேட்டார்கள்.

இதே கர்சன்தான் 1904 இல் புராதனச் சின்னங்கள் பாதுகாப்புச் சட்டம் கொண்டு வந்தவர். தாஜ்மகாலைச் செப்பனிட்டுக் காப்பாற்றியதில் அவருக்குப் பெரும்பங்கு உண்டு. தாய்நாடு திரும்பிய பிறகு 1911 இல், டாட்டர்ஷல் கோட்டையின் பழைய கணப்படுப்புகள் அமெரிக்காவுக்குக் கப்பலேற இருந்த சமயத்தில், கோட்டையையே விலைக்கு வாங்கி அவற்றை மீட்டார். இறக்கும்போது டாட்டர்ஷலையும் போடியம் கோட்டையையும் பொதுச் சொத்தாக எழுதி வைத்தார். நல்லதை நல்லது என்று எழுதினால்தான் கணக்கு நம்பத்தகுந்ததாக இருக்கும். கல்லைக் காத்தவர், அந்தக் கல்லைச் சுற்றி வாழ்ந்தவர்களின் குரலைக் கேட்கவில்லை என்பதும் அதே பேரேட்டில்தான் இருக்கிறது.

பிடித்ததும் நழுவியதும்

கர்சன் பிடித்ததைக் கர்சனே பிடித்திருக்கட்டும் என்பது அந்தக் குடும்பத்தின் குலமொழி. அது பலிக்கவில்லை. 1894 இல் இங்கிலாந்து சர்க்கார் மரண வரி விதித்தது. நில வருமானம் குறைந்தது. வேலைக்கு ஆள் கிடைப்பதும் அரிதாயிற்று. இருபதாம் நூற்றாண்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாளிகைகளை இடித்துத் தள்ளினார்கள். தப்பியவற்றில் பல, 1895 இல் பொதுமக்கள் ஆதரவோடு தொடங்கிய நேஷனல் டிரஸ்ட் கைக்கு வந்தன. கெடில்ஸ்டன் வந்து சேர்ந்தது 1987 இல். வாரிசுகள் குடியிருக்க ஒரு பகுதி, மற்றது மக்களுக்கு. பிரபு தலைமுறைக்கும் நமக்கே என்று கட்டியதில் இன்று பஸ் டிரைவரும் பள்ளி ஆசிரியையும் காலாற நடக்கிறார்கள்.

அந்த டிரஸ்டுக்கு இன்று 50 லட்சத்துக்கும் மேல் உறுப்பினர்கள். 2020 செப்டம்பரில் அது ஓர் அறிக்கை வெளியிட்டது. தன் பொறுப்பில் உள்ள இடங்களில் 93 இடங்களுக்குக் காலனி ஆட்சியோடும் அடிமை வாணிகத்தோடும் என்ன தொடர்பு என்று சொன்னது. கெடில்ஸ்டன், போவிஸ் போன்றவை அதில் உண்டு. சர்ச்சில் வாழ்ந்த சார்ட்வெல் வீடும் உண்டு. உடனே பெரும் கூச்சல் எழுந்தது. “ஞாயிற்றுக்கிழமை டீ குடிக்கப் போகிற இடத்தில் எதற்கு இந்தப் பழங்கதை?” என்று கேட்டவர்கள் பலர். தர்ம ஸ்தாபனங்களைக் கண்காணிக்கும் கமிஷன் விசாரித்து, டிரஸ்ட் சட்டத்தை மீறவில்லை என்று 2021 மார்ச்சில் சொன்னது.

டீ குடிக்கப் போகிறவரின் ஆதங்கம் புரியாமல் இல்லை. ஆறு நாள் உழைத்துவிட்டு ஏழாம் நாள் குற்றப்பத்திரிகை படிக்க யாருக்குத்தான் ஆசை? ஆனால் டிரஸ்ட் செய்தது குற்றப்பத்திரிகை அல்ல. வெட்டுப்பட்ட பக்கங்களைத் திரும்ப ஒட்டியதுதான். நாற்காலி எந்த மரம், ஓவியம் யார் கை என்று சொல்வது சரித்திரமானால், பணம் எங்கிருந்து வந்தது என்பதும் சரித்திரமே. அதைச் சொல்வதால் ஒரு தூணும் சாய்ந்துவிடாது.

நம் வீட்டுக் கணக்கு

பிறரிடம் கணக்குக் கேட்கிறவர் தன் பேரேட்டையும் திறக்க வேண்டும். நம் நாட்டு அரண்மனைகளில் வழிகாட்டி என்ன சொல்கிறார்? மகாராஜா சுட்ட புலிகளின் எண்ணிக்கை, வெள்ளித் தட்டின் எடை. செட்டிநாட்டு வீடுகளுக்குப் போனால் பர்மா தேக்கு, முட்டை வெள்ளை கலந்த சுண்ணப்பூச்சு. அந்த வேலைப்பாடு உலகத் தரமானது என்பதில் ஐயமில்லை. 1930களின் மந்தத்தில் நெல்விலை விழுந்து கடன் கட்ட முடியாமல், கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறத்தாழ கால் பங்கு வயல் செட்டியார் கடைகளின் கைக்கு வந்தது என்பதை எந்த வழிகாட்டி சொல்கிறார்? கடன் கொடுத்தவர் சட்டப்படி நடந்திருக்கலாம். நிலம் இழந்த பர்மியக் குடியானவனும் அந்தத் தேக்குத் தூணின் கதையில் ஒரு பாத்திரம்தான்.

இன்று கட்டுகிற கட்டடங்கள் மட்டும் வேறா? மேம்பாலம், மெட்ரோ நிலையம், அடுக்குமாடி எல்லாவற்றிலும் திறந்து வைத்தவர் பெயர் கல்லில் இருக்கிறது. சாரத்தில் நின்று பூசியவன் பெயர் கூலிப் பதிவேட்டோடு போய்விடுகிறது. இருநூறு வருஷம் கழித்துப் பார்க்க வருகிறவனுக்கு அவன் இருந்தான் என்றே தெரியாது.

ஆகவே, வாய்ப்புக் கிடைத்தால் அந்த மாளிகைகளுக்குப் போகத்தான் வேண்டும். கல்தச்சனின் கையை மெச்ச வேண்டும். சுத்தத்தையும் ஒழுங்கையும் பார்த்துப் படிக்க வேண்டும். பார்த்து முடித்த பிறகு அங்கே நிற்கிற ஊழியரிடம் மரியாதையாக மூன்று கேள்விகள் கேட்கலாம். இதற்குப் பணம் எங்கிருந்து வந்தது? செய்த கைகள் யாருடையவை? இங்கே முன்பு குடியிருந்தவர்கள் எங்கே போனார்கள்? பதில் தெரிந்தால் சொல்வார். தெரியாவிட்டால் குறித்து வைத்துக்கொண்டு மேலே கேட்பார். திருமதி கார்னெட்டின் பட்டியலில் இல்லாத பக்கங்கள் அப்படித்தான் ஒவ்வொன்றாகச் சேரும்.

அதே மூன்று கேள்விகளைத் திரும்பி வந்து மைசூரிலும் காரைக்குடியிலும் கல்கத்தாவிலும் கேட்க வேண்டும். சீமையில் கேட்கத் துணிந்தவர் சொந்த ஊரில் வாயை மூடிக்கொண்டால், அது அரைக் கணக்காகவே நின்றுவிடும்.